பழுது நீக்கப் பயறு ஒரு கிண்ணம்

எங்கள் ஆலையில் தராசு செய்கிறோம். நகைக்கடைத் தராசு, மருந்துக்கடைத் தராசு, பிறந்த குழந்தையைக் கிடத்தி நிறுக்கிற தொட்டில் தராசு என்று எல்லா வகையும் உண்டு. நான் கடைசி மேசை. செய்து முடித்த தராசு என்னிடம் வரும். தட்டில் படிக்கல்லை மூன்று முறை வைத்துப் பார்ப்பேன். மூன்று முறையும் ஒரே எண் காட்டினால் ஈய முத்திரை குத்துவேன். காட்டாவிட்டால் சிவப்புச் சீட்டைக் கட்டிப் பழுது அறைக்கு அனுப்புவேன். முத்திரை குத்த உரிமம் உள்ள கை இந்த ஆலையிலேயே என் கை ஒன்றுதான். இன்னொருவர் இருந்தார், ஓய்வு பெற்றுப் போனார். அவர் இடத்துக்கு ஆள் எடுக்கும் கோப்பு நான்கு வருடமாக மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு கிண்ணம் அவித்த பயறு கேட்டதற்கு இந்த ஆலை என்னை என்ன பாடு படுத்தியது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு எண்டோமெட்ரியோசிஸ். கருப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வைப் போல ஒன்று வெளியே அங்கங்கே ஒட்டிக்கொண்டு, மாதா மாதம் தானும் சேர்ந்து ரகளை செய்யும். அந்த நாட்களில் நான் குளியலறைத் தரையில் சுருண்டு கிடப்பேன். தரை சில்லென்று இருக்கும், அது ஒன்றுதான் சுகம். பதினோரு வருடமாக இது என்ன நோய் என்றே தெரியவில்லை. எனக்குத் தாங்கும் சக்தி குறைச்சல் என்று என் அம்மாவில் தொடங்கிப் பக்கத்து வீட்டுக்காரி வரை எல்லோரும் சொல்லி முடித்த பிறகுதான் ஒரு டாக்டரம்மா கண்டுபிடித்தார்.

மாத்திரையை விடக் கூடாது, ஸ்கேனுக்குத் தவறாமல் வர வேண்டும், அதோடு இறைச்சியையும் பால் வகைகளையும் நிறுத்திவிட்டுப் பயறு, அவரை, கீரை, கொட்டை, தீட்டாத தானியம் என்று செடிகொடியில் விளைவதை மட்டும் சாப்பிட்டுப் பார்க்கலாம் என்றார் அவர். “இது குணமாக்கும்னு நான் சொல்ல மாட்டேன். சிலருக்கு வலி குறையுது, சிலருக்கு இல்ல. ஏன்னு எங்களுக்கே இன்னும் சரியாத் தெரியாது. மூணு மாசம் பாத்துட்டு வந்து சொல்லுங்க.” தெரியாததைத் தெரியாது என்று சொன்ன முதல் டாக்டர் அவர்தான். அந்த இடத்திலேயே நம்பிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து ஆலைக் கேண்டீனின் கூரை ஒழுகியது. என் வாழ்க்கையின் பொற்காலம் அது. எங்கள் ஆலைக்குள் வெளிச் சாப்பாடு கொண்டுவரக் கூடாது. எப்போதோ ஒருவர் ரொட்டித் துணுக்கைத் தராசுத் தட்டில் சிந்த, அந்தத் தராசு அப்படியே விற்பனைக்குப் போய்த் திரும்பி வந்ததாம். கேண்டீன் ரொட்டிக்குத் துணுக்கு கிடையாது போலிருக்கிறது. கூரை ஒழுகிய மூன்று மாதம் மட்டும் வீட்டுச் சாப்பாட்டுக்கு அனுமதி கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் சைக்கிள் ரிப்பேர்க் கடை வைத்திருப்பவர். அதுவரை அடுப்பைப் பற்றவைக்கக்கூடத் தெரியாத மனுஷன், ராத்திரி பயறை ஊறவைத்து, காலையில் அவித்து, கீரையை வதக்கி டப்பாவில் அடைத்துக் கொடுத்தார். முதல் வாரம் உப்பு இல்லை, இரண்டாம் வாரம் உப்பு மட்டும்தான் இருந்தது. ஆனால் மூன்றாவது மாதம் நான் எடுத்த லீவு அரை நாள். வலி இருந்தது, ஆனால் நின்றுகொண்டு பொறுக்கிற வலி. குளியலறைத் தரை என்னை மறந்தே போயிருக்கும்.

பிறகு கூரையைச் சரிசெய்துவிட்டார்கள். பாவிகள்.

கேண்டீனில் காய்கறி கேட்டால் இறைச்சிக் குழம்பிலிருந்து கேரட்டைப் பொறுக்கிப் போடுவார்கள். கீரைமேல் கொழுப்புத் துண்டு தூவியிருக்கும். உருளைக்கிழங்கு பாலாடையில் முங்கிக் கிடக்கும். காலையும் மாலையும் வீட்டில் பயறு, மத்தியானம் வெறும் ரொட்டி என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன். கிறுகிறுப்புதான் மிச்சம். பசி தாங்காமல் பாலாடை உருளைக்கிழங்கில் கை வைத்தேன். இரண்டாவது மாதமே பழையபடி தரை, பழையபடி மூன்று நாள் லீவு. வருடக் கணக்கு முடியும் முன்னே எனக்கு ஓலை வந்தது: இன்னும் நான்கு நாள் லீவு எடுத்தால் முத்திரை உரிமம் ரத்து, வேலையும் ரத்து. நான்கு நாள் என்பது எனக்கு ஒரு மாதமும் ஒரு நாளும்.

ஆகவே நல அலுவலரிடம் போனேன். ஆலையில் அவருக்கு மில்லிகிராம் என்று பெயர். முன்பு தரக்கட்டுப்பாட்டில் இருந்தவர். மாமனார் இறந்ததற்கு லீவு கேட்டவனிடம், துக்கத்தின் அளவைக் குறிப்பிடவில்லை என்று விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்த மகான். அவர் மேசையில் எல்லாம் நேர்கோட்டில் இருக்கும், அவர் உட்பட.

மாற்று உணவுக்கு ஒரு படிவம் இருந்தது. காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டம்: மத நம்பிக்கை, பல் இன்மை, இதர. இதரவில் என் நோயை எழுதி, டாக்டரம்மாவின் சீட்டையும் பின் செய்து நீட்டினேன். எனக்கு வேண்டியது மத்தியானம் ஒரு கிண்ணம் பயறும் கீரையும், இறைச்சியும் பாலும் இல்லாமல். கேண்டீன் தராவிட்டால் வீட்டிலிருந்து கொண்டுவர அனுமதி. அவ்வளவுதான்.

“வலின்னு எழுதியிருக்கீங்க. எவ்வளவுன்னு எழுதலையே” என்றார் மில்லிகிராம்.

“நிறைய சார்.”

“நிறைய என்கிறது எடை இல்லையேம்மா. நீங்களே கடைசி மேசையில இருக்கீங்க, நான் சொல்லித் தரணுமா?”

வலியை ஆலை டாக்டரிடம் நேரில் காட்ட வேண்டும் என்றார். ஆலை டாக்டர் செவ்வாய்க்கிழமை பத்திலிருந்து பதினொன்று வரை வருவார். எனக்கு வலி அந்த மாதம் வெள்ளிக்கிழமை வந்தது. ஓலைக்குப் பயந்து லீவு போடாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். அடுத்த முறை செவ்வாய்க்குக் கொண்டுவர முயற்சி செய்யுமாறும், வருகிறது என்று தெரிந்தால் மூன்று வேலை நாள் முன்னதாக எழுத்தில் தெரிவிக்குமாறும் மில்லிகிராம் அறிவுறுத்தினார். நக்கல் இல்லை, அந்த மனிதருக்கு நக்கல் செய்யத் தெரியாது. வலிக்குத் தேதி போட்டு நான் கொடுத்த கடிதத்தை வாங்கி, பெற்றுக்கொண்டதற்கு ரசீதும் கொடுத்தார்.

என் நல்ல காலமோ கெட்ட காலமோ, அடுத்த மாதம் வலி செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டது. ஒரு கையால் சுவரையும் ஒரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன். அவர் நாக்கை நீட்டச் சொன்னார், முழங்காலைச் சுத்தியலால் தட்டினார். பிறகு கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். ஆகிவிட்டது என்றேன்.

“குழந்தை பெத்துக்கோங்க. எல்லாம் சரியாயிடும்.”

“ஒன்பது வயசுல ஒருத்தி இருக்கா சார்.”

“அப்ப இன்னொண்ணு” என்றார்.

அறிக்கையில், வலி இருப்பதாக நோயாளி கருதுகிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது நான் அந்த நோயாளி கருதியதையெல்லாம் தாழ்வாரத்துப் பூந்தொட்டியில் வாந்தி எடுத்தேன்.

அறிக்கை உணவுக் குழுவுக்குப் போனது. குழு என்றால் மில்லிகிராம் தலைவர், டாக்டர் ஒருவர், கேண்டீன் சமையல் மாஸ்டர் ஒருவர். நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர்க் குப்பி, நடுவே அழகுக்கு ஒரு பழைய பித்தளைத் தராசு. என்னை எதிரே ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். மில்லிகிராம் எழுந்து நின்று பேசினார்.

“இந்த ஆலைக்குப் பெண் தொழிலாளர்கள் மேல இருக்கிற அக்கறைக்கு அளவே கிடையாது. அதே சமயம், அளவு இல்லாத எதையும் இந்த ஆலை வெளிய அனுப்பாதுங்கிறது நம்ம அறுபது வருஷக் கொள்கை. அதனாலதான் அந்த அக்கறை இதுவரைக்கும் வெளிய வரல.”

மற்ற இருவரும் மேசையைத் தட்டினார்கள். அதற்கப்புறம் அவர் விஷயத்துக்கு வந்தார். பயறு சாப்பிட்டு என் வலி குறைந்தால், குறைந்த வலிக்குச் சலுகை எதற்கு? குறையாவிட்டால், குறைக்காத பயறு எதற்கு? ஆகவே எந்தப் பக்கம் பார்த்தாலும் கிண்ணம் அவசியப்படவில்லை என்று குழு ஆழ்ந்து பரிசீலித்திருப்பதாகச் சொன்னார். நான் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் சாய்த்தாலும் நான் இருக்கவே இல்லை.

சமையல் மாஸ்டருக்கு மனத்தாங்கல் வேறு. என் விண்ணப்பம் அவர் கைப்பக்குவத்தை அவமதிப்பதாக நினைத்துக்கொண்டார்.

“செடி சாப்பாடு இல்ல, இல்லங்கிறாங்க. மாடு என்ன திங்குது சார்? புல்லு. ஆடு என்ன திங்குது? தழை. என் கேண்டீன்ல இருக்கிறது பூராவும் செடிதான். கொஞ்சம் சுத்தி வருது, அவ்வளவுதான்.”

குழு இதைக் குறிப்பில் ஏற்றிக்கொண்டது. கேண்டீன் உணவு முழுவதும் தாவர அடிப்படையிலானது என்று அடுத்த நாளே வாசலில் பலகை மாட்டினார்கள். பலகைக்குக் கீழே அன்று ஈரல் வறுவல்.

என்னை ஒரேயடியாக விரட்டவும் இல்லை. அக்கறை இருக்கிறதல்லவா. பூச்சியம் முதல் நூறு வரை கோடு போட்ட ஒரு அட்டையைக் கொடுத்தார்கள். வலி வரும்போது வந்து அட்டையில் குறிக்க வேண்டும், மூன்று தடவை. மூன்றும் ஒத்துப்போனால் வலி நிலையானது என்று ஏற்றுக்கொள்ளப்படும். நான் தராசுக்காரி, பொய்யாக ஒரே எண்ணை எழுதக் கை வரவில்லை. காலை எண்பது, மாத்திரை போட்ட பிறகு முப்பத்தைந்து, மத்தியானம் படியேறியபோது அறுபது என்று உள்ளதைக் குறித்துக் கொடுத்தேன்.

அட்டையைப் பார்த்த மில்லிகிராமின் முகம் பிரகாசமானது. இருபது வருடம் தரக்கட்டுப்பாட்டில் இருந்த கை, பழக்க தோஷத்தில் இழுப்பறைக்குள் போனது. “மூணும் மூணு எண் காட்டுது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒரு சிவப்புச் சீட்டை எடுத்தார். ‘அளவு நிலையில்லை. பழுது அறைக்கு.’ கையெழுத்துப் போட்டார், சுருக்குப் போட்டார், என் அடையாள அட்டையின் கயிற்றில் கட்டிவிட்டார்.

கட்டி முடித்த பிறகுதான் தான் செய்தது என்ன என்று அவருக்கு உறைத்தது. எனக்கும் உறைத்தது. ஆனால் சீட்டுக் கட்டினால் கட்டியதுதான். பழுது நீக்காமல் சிவப்புச் சீட்டை அவிழ்ப்பவர் உடனடி வேலை நீக்கம் என்று ஒரு விதி இருக்கிறது. விதியை எழுதியவர் சாட்சாத் மில்லிகிராம்.

நான் பழுது அறைக்குப் போய் உட்கார்ந்தேன். தட்டு வளைந்த தராசுகள், முள் ஆடும் தராசுகள், எல்லாம் கழுத்தில் சீட்டோடு வரிசையாக இருந்தன. நானும் ஓரமாக ஒரு ஸ்டூலில். பேக்கிங் பிரிவு அக்கா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார். பத்து நிமிடத்தில் பேக்கிங் பிரிவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அன்று நிற்கவே முடியாத நாள், உட்கார வைத்தார்களே என்று எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் சிரித்துச் சிரித்துக் கரண்டியைக் கீழே போட்டார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, வேலை போயிடுமா என்று கேட்டார். எனக்கும் அந்தப் பயம்தான். மகளுக்கு எதிரே சொல்லிக்கொள்ளவில்லை.

மறுநாள் தொட்டில் தராசு நூற்று நாற்பது என் மேசையில் குவிந்தன. வாசலில் லாரி நின்றது. முத்திரை குத்த ஆள் இல்லை. பழுதான பொருளை வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது இன்னொரு விதி, அதுவும் அவர் எழுதியதே. மூன்றாம் நாள் இரண்டாவது லாரி வந்து முதல் லாரியின் பின்னால் நின்றது. மாடியிலிருந்து மில்லிகிராமை அழைத்துப் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது, ஆனால் கீழே இறங்கி வந்தவரின் சட்டையின் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

“ஏம்மா, பழுது நீங்கிடுச்சுன்னு எழுதிக் கொடுத்துடுங்களேன்” என்று விடுவிப்புச் சீட்டை நீட்டினார்.

சீட்டில் மூன்று கேள்வி. பழுது என்ன? எந்தப் பொருள் கொண்டு நீக்கப்பட்டது? அந்தப் பொருள் ஸ்டோரிலிருந்து முறைப்படி பெறப்பட்டதா? படித்ததும் எனக்கு வந்ததே ஒரு கோபம். மூன்று மாதமாகப் படிவத்துக்கும் அட்டைக்கும் அலைந்த கோபம், பூந்தொட்டியில் வாந்தி எடுத்த கோபம், எல்லாம் சேர்ந்து பேனாவில் இறங்கியது. பழுது: எண்டோமெட்ரியோசிஸ் வலி. நீக்கும் பொருள்: பயறு, அவித்தது, ஒரு கிண்ணம், கீரை, வதக்கியது, அரைக் கிண்ணம், கொட்டை, ஒரு பிடி. ஸ்டோரிலிருந்து இதுவரை பெறப்படவில்லை. பெற்றதும் வேலைக்கு வருவேன்.

கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது, எல்லாவற்றுக்கும் அளவு இருந்தது. அவர் முகத்தில் மெல்ல ஒரு நிம்மதி பரவியது.

“இது தினப் பராமரிப்பா, வாரப் பராமரிப்பா?”

“தினம் சார்.”

“அதைக் குறிக்காம விட்டுட்டீங்க பாருங்க” என்று தானே எழுதிச் சேர்த்து, கையெழுத்துப் போட்டார்.

அன்று முதல் என் மத்தியானச் சாப்பாடு சாப்பாடு இல்லை, பராமரிப்புப் பொருள். மசகு எண்ணெய், துடைக்கும் பஞ்சு, அதற்கு அடுத்து நான். வெளி உணவுத் தடை என்னைத் தொட முடியாது. என் வீட்டுக்காரர் பதினொன்றரைக்குச் சைக்கிளில் டப்பாவோடு வருவார். வாசல் காவலர் பொருள் வரவுச் சீட்டு எழுதுவார், துரு இருக்கிறதா என்ற கட்டத்தில் இல்லை என்று போடுவார். ஸ்டோர் அண்ணன் மாதிரிக்கு ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுச் சோதித்துவிட்டு, தரம் சரி என்று முத்திரை வைப்பார். போகப் போக ஒரு கரண்டி இரண்டு கரண்டியாகி, சோதனைக்கென்று தனி டப்பா அனுப்ப வேண்டியதாயிற்று.

ஒரே நாளில் ஒன்றும் மாறிவிடவில்லை. முதல் மாதம் இரண்டு நாள் லீவு எடுத்தேன், ஓலையில் இருந்த நான்கில் பாதி போயிற்று. இரண்டாவது மாதம் ஒரு நாள். அப்புறம் வலித்த நாட்களிலும் மேசையில் ஒரு தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்து முத்திரை குத்தினேன். வருடக் கணக்கு முடிந்தபோது நான்கில் ஒரு நாள் மிச்சம் இருந்தது. வேலை தப்பித்தது. டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன், அவர் சந்தோஷப்பட்டுவிட்டு மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது என்று மறுபடி மிரட்டி அனுப்பினார்.

அடுத்த வாரம் பேக்கிங் அக்கா என் மேசைக்கு வந்தார். அன்று வாயைப் பொத்திச் சிரித்தவர். ஒரு காலி அட்டைப்பெட்டியை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றார்.

“எனக்கும் அந்தப் பழுது இருக்குமோன்னு தோணுது. பதினாறு வயசுலருந்து. நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.”

எனக்குச் சட்டென்று கண் நிறைந்துவிட்டது. முதலில் டாக்டரம்மாவைப் பாருங்கள், எல்லா வலியும் ஒரே வலி இல்லை, எல்லாருக்கும் பயறு கேட்காது என்று சொல்லி விலாசம் எழுதிக் கொடுத்தேன். அவர் போனார். அவருக்குப் பின்னால் பெயின்ட் பிரிவிலிருந்து ஒருத்தி வந்தாள், அப்புறம் கணக்குப் பிரிவின் இரண்டு பேர், அப்புறம் சிரித்து நான் பார்த்தே இராத துப்புரவு அம்மா ஒருவர். சிலருக்கு என் நோயேதான், சிலருக்கு வேறு, சிலருக்கு இன்னும் பெயர் கண்டுபிடிக்கவில்லை. எல்லோருமே சுவரைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தவர்கள். இத்தனை வருடம் ஒரே தாழ்வாரத்தில் ஒருவரையொருவர் தாண்டிப் போயிருக்கிறோம், ஆளுக்கொரு சுவர்.

என் வீட்டுக்காரர் நான்கு டப்பாவுக்கு மேல் முடியாது, கடையில் பஞ்சர் ஒட்ட ஆள் இல்லை என்று கையை விரித்தார். ஸ்டோர் அண்ணன் வழி கண்டுபிடித்தார். பயறு மூட்டையை ஸ்டோரில் இறக்கி, கேண்டீனுக்கு ஒரு வேலை ஆணை அனுப்பினார்: அவித்தல் வேலை, தினசரி. சாப்பாடு சமைக்கச் சொன்னால் கோபித்துக்கொள்ளும் சமையல் மாஸ்டர், பொருளை அவித்துத் தரச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் அவித்தார். உப்புகூடச் சரியாகப் போட்டார்.

வருட ஆரம்பத்தில் ஸ்டோர் அண்ணன் பராமரிப்புப் பட்டியலை மாடிக்கு அனுப்ப வேண்டும். எத்தனை இயந்திரத்துக்கு என்ற கட்டத்தைக் காட்டி, எண்ணிச் சொல்லச் சொன்னார். நான் ஒரு மத்தியானம் முழுக்க ஒவ்வொரு பிரிவாகப் போய்க் கேட்டேன். ஆலையில் பெண்கள் நாற்பத்தொரு பேர். திரும்பி வந்து, இருபத்து மூன்று என்றேன்.

பேனாவை எடுத்தவர் எழுதவில்லை. மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“இருபத்து மூணா? இத்தனை பழுதை வச்சுக்கிட்டா இந்த ஆலை இவ்வளவு வருஷமா ஓடுச்சு?”

“ஒரு நாள்கூட நிக்காம ஓடுச்சு அண்ணே.”

அவர் குனிந்து இருபத்து மூன்று என்று எழுதினார். பக்கத்தில் அவசரம் என்று எழுதி, இரண்டு கோடு போட்டார்.